மருந்து அட்டையைக் கிழிக்காதீர்!
(வீட்டு மருந்துப் பெட்டி பற்றி ஒரு பாடம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ராக்கெட், ரோபோ, சோலார் என்று ஆளாளுக்கு ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. நம் வீடுகளில் ஃப்ரிட்ஜ் மேலேயோ, டிவி ஸ்டாண்டு அடியிலோ, சாமி படத்துக்குப் பக்கத்திலோ இருக்குமே, மாத்திரை போட்டு வைக்கும் டப்பா, அதுதான். அதைத் திறந்தால் பாதி வெட்டிய அட்டை, பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை, போன வருஷத்து இருமல் சிரப், பிசுபிசுத்த தைலம் எல்லாம் கலந்து கிடக்கும். "இதில் என்ன பாடம் இருக்கிறது?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சுங்குவார்சத்திரத்தில் இருந்து போன பாட்டில்

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ஹைவேயில் போனால் சுங்குவார்சத்திரம் வரும். நம் சீனியர்கள் பலர் டிரெயினிங்குக்கும் வேலைக்கும் போகிற பக்கம்தான். அங்கே ஸ்ரீசன் பார்மசூட்டிகல் என்ற சிறிய மருந்துக் கம்பெனி இயங்கி வந்தது. 'கோல்ட்ரிஃப்' என்ற சளி சிரப்பை அது தயாரித்தது. பாரசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின் என்று மூன்று மருந்துகள் கலந்த, விலை குறைந்த, சாதாரண சிரப்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் இந்த சிரப்பைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் வருவது நின்றுபோனது. சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். இறந்த குழந்தைகள் 20-க்கும் மேல். வந்தது சாதாரண சளி, காய்ச்சல். உயிரைக் கொண்டுபோனது மருந்து.

அக்டோபர் 1-ம் தேதி தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் வந்தது. அதிகாரிகள் கம்பெனிக்குப் போய் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். எஸ்.ஆர்.-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. மருந்தில் அதற்கு உள்ள உச்ச வரம்பு 0.1 சதவீதம்தான். வகுத்துப் பாருங்கள், 486 மடங்கு! கம்பெனியில் 350-க்கும் மேற்பட்ட குறைகள் பதிவாயின. உரிமையாளர் கைதானார். அந்த மாதம் 13-ம் தேதி லைசென்ஸ் ரத்தானது.

டைஎத்திலீன் கிளைக்கால் என்பது என்ன? ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட் டப்பாக்களில் கிளைக்கால் குடும்பத்துப் பெயர்கள் பழக்கமானவை. அந்தக் குடும்பத்தில் இது ஒன்று. நிறம் இல்லை, வாசனை இல்லை, கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும். சிரப்பில் மருந்தைக் கரைக்க கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவங்கள் வேண்டும். மருந்துத் தரத்தில் வாங்காமல் தொழிற்சாலைத் தரத்தில் மலிவாக வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் இந்த நச்சு கூடவே வந்துவிடுகிறது. உடலுக்குள் போனதும் அது அமிலமாக மாறிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழிக்கிறது. வாந்தி, வயிற்று வலி, பிறகு சிறுநீர் குறைந்து நிற்பது ஆகியவை இதன் அறிகுறிகள்.

இது முதல் தடவை இல்லை

1937-ல் அமெரிக்காவில் 'எலிக்சர் சல்ஃபனிலமைடு' என்ற மருந்தை இதே நச்சில் கரைத்து விற்றார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் சென்னையிலேயே 1972-ல் 15 குழந்தைகள் இதே காரணத்தால் இறந்திருக்கிறார்கள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கலப்படக் கிளிசரினால் 14 பேர் இறந்தார்கள். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் இருந்து போன சிரப்புகளில் இதே நச்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

1937 சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மருந்து விஷம் என்று தெரிந்ததும் அமெரிக்க அதிகாரிகள் சுமார் 240 பேர் கடை கடையாக, வீடு வீடாகப் போய்ப் பாட்டில்களைத் தேடினார்கள். தயாரித்தது 240 கேலன். அதில் 234 கேலனுக்கு மேல் மீட்டுவிட்டார்கள். மீதி ஐந்தாறு கேலன்தான் நூறு உயிருக்கு மேல் எடுத்தது. எந்தப் பாட்டில் எந்தச் சரக்கு என்பது எழுத்தில் இருந்ததால்தான் அந்த அளவுக்காவது மீட்க முடிந்தது.

2025-லும் அப்படித்தான். எச்சரிக்கை எப்படி வந்தது? "கோல்ட்ரிஃப் சிரப், பேட்ச் எண் எஸ்.ஆர்.-13, தயாரிப்பு மே 2025, காலாவதி ஏப்ரல் 2027, யாரும் கொடுக்க வேண்டாம்" என்று வந்தது. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டு, லேபிள் ஊறி உரிந்த பாட்டிலை வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த எச்சரிக்கையால் என்ன பயன்? கையில் இருப்பது எந்த பேட்ச் என்று எப்படித் தெரியும்?

சிரப்புக்குள் விஷம் இருப்பதை லேபிள் காட்டிக்கொடுக்காதுதான். அதைக் கண்டுபிடிப்பது அரசு ஆய்வகத்தின் வேலை. ஆனால் கண்டுபிடித்த செய்தி நம் வீட்டு டப்பா வரைக்கும் வந்து சேர ஒரே வழி அந்த லேபிள்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். பெயரும் பேட்ச் எண்ணும் தேதியும் தெரியாத எதுவும் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கக் கூடாது.

மருந்துக்கும் நேம் பிளேட் உண்டு

லேபில் ஒரு மோட்டாரைக் கொடுத்தால் நேம் பிளேட் பார்க்காமல் கனெக்ஷன் கொடுப்போமா? எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்சில் கை வைப்போம். மருந்து அட்டையும் ஒரு நேம் பிளேட்தான். அதில் பார்க்க வேண்டியவை:

1. மருந்தின் இயற்பெயர். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர். பக்கத்திலோ கீழேயோ 'பாரசிட்டமால்', 'செட்டிரிசின்' என்று இருப்பதுதான் உண்மையான பெயர்.

2. வீரியம். மாத்திரையில் இத்தனை மி.கி., சிரப்பில் 5 மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று இருக்கும்.

3. பேட்ச் எண்.

4. தயாரித்த மாதம், காலாவதி மாதம். காலாவதி 04/2027 என்றால் அந்த ஏப்ரல் மாதக் கடைசி நாள் வரை என்று பொருள்.

5. கம்பெனி பெயர், முகவரி, லைசென்ஸ் எண்.

6. வைக்கும் முறை. "30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது", "வெளிச்சம் படக் கூடாது", "2 முதல் 8 டிகிரி" என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

7. இடது பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவோ சாப்பிடவோ கூடாத மருந்து. 2014 முதல் சில ஆன்டிபயாட்டிக், காசநோய், தூக்க மருந்துகளுக்குச் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையும் வந்தது.

2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் க்யூ.ஆர். கோடு அச்சிட வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. போனில் ஸ்கேன் செய்தால் பெயர், பேட்ச், தேதி, கம்பெனி விவரம் வர வேண்டும். கண் தெரியாத பாட்டிக்கு எறும்பு மாதிரி எழுத்தைப் படித்துச் சொல்ல இது நல்ல வசதி.

'ரெண்டே ரெண்டு வெட்டிக் குடுங்கண்ணே'

நம் பக்கத்தில் மருந்துக் கடைக்குப் போனால் கேட்கிற வசனம் இதுதான். காசு இல்லாதபோது முழு அட்டை வாங்க முடியாது, அது புரிகிறது. ஆனால் பேட்ச் எண்ணும் தேதியும் பல அட்டைகளில் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அச்சாகி இருக்கும். நடுவில் வெட்டிக் கொடுத்த இரண்டு மாத்திரையில் ஒன்றும் இருக்காது. அன்றைக்கே சாப்பிட்டு முடித்தால் பரவாயில்லை. மிச்சம் டப்பாவுக்குள் போனால் அது பெயர் இல்லாத மாத்திரை ஆகிவிடுகிறது.

என்ன செய்யலாம்? வெட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் பில் கேளுங்கள். கம்ப்யூட்டர் பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதியும் அச்சாகி வரும். அந்த பில்லையும் மாத்திரையையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். முழு அட்டை என்றால் தேதி இல்லாத ஓரத்தில் இருந்து பிய்த்துச் சாப்பிடுங்கள், தேதி உள்ள ஓரம் கடைசி வரை இருக்கும். சிரப்பை அட்டைப்பெட்டியோடும், கூட வந்த அளவு மூடியோடும் வையுங்கள்.

இன்னொரு விஷயம். லேபிள் எல்லாம் இங்கிலீஷில். நம்மில் நிறையப் பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். எங்கள் தெருவில் "தம்பி, இது எதுக்குன்னு பாரு" என்று அட்டையை நீட்டாத ஆளே இல்லை. அம்மா அட்டையின் கலரை வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் சொல்வார். பச்சை அட்டை வாயுவுக்கு, நீல அட்டை தலைவலிக்கு. கம்பெனி அட்டைக் கலரை மாற்றினால் என்ன ஆகும்? ஆகவே நண்பர்களே, வீட்டில் இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவர்தான் என்றால், அந்த டப்பாவுக்குப் பொறுப்பும் நாம்தான்.

ஆனால் ஒரு எல்லைக்கோடு உண்டு. பெயரையும் தேதியையும் படித்துச் சொல்வது நம் வேலை. எதைச் சாப்பிடலாம், எத்தனை சாப்பிடலாம் என்று சொல்வது டாக்டர் வேலை. டிப்ளமோ படிக்கிறோம் என்பதற்காக அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

ஒரு மருந்து, பல பெயர்

க்ரோசின், கால்பால், டோலோ, மெட்டாசின் என்று பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது பாரசிட்டமால்தான். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் விழுங்கினால் மூன்றும் ஒரே மருந்தாக இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4000 மி.கி. 650 மி.கி. மாத்திரை என்றால் ஆறுதான். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. தாண்டினால் கல்லீரல் கெடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம்.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு இன்னும் நுட்பமானது. பாரசிட்டமாலுக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது வழக்கம். 12 கிலோ குழந்தைக்கு 120 முதல் 180 மி.கி. வரும். இப்போது கடையில் கிடைப்பதைப் பாருங்கள்.

5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்: 5 முதல் 7.5 மி.லி.
5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்: 2.4 முதல் 3.6 மி.லி.
1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து: 1.2 முதல் 1.8 மி.லி.

"ஒரு ஸ்பூன் குடு" என்று பாட்டி சொல்கிறார். அந்த ஒரு ஸ்பூன் 5 மி.லி. என்றே வைத்துக்கொள்வோம். முதல் பாட்டிலில் சரியான அளவு. இரண்டாவதில் 250 மி.கி., அதிகம். சொட்டு மருந்தில் 500 மி.கி.! அதாவது கிலோவுக்கு 42 மி.கி.க்கு அருகில். மருந்தின் பெயர் ஒன்று, ஸ்பூன் ஒன்று, விளைவு மூன்று. அதிலும் வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியது, நீங்களே டோஸ் முடிவு செய்வதற்கு இல்லை. டாக்டர் எழுதிய பாட்டிலைத் தவிர வேறு பாட்டிலில் இருந்து அதே "ஒரு ஸ்பூன்" கொடுக்கக் கூடாது என்று புரிவதற்கு.

பெட்டியில் என்ன இருக்கலாம்?

பட்டியல் சின்னதுதான். பெரிய செலவும் இல்லை.

1. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து. உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் வருகிறது, பாக்கெட்டைப் படித்துவிட்டுக் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுச் சர்க்கரைப் பானம் விற்றார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அப்படிப் பெயர் போடத் தடை விதித்தது.

2. பாரசிட்டமால் மாத்திரை ஒரு அட்டை. குழந்தை இருக்கும் வீட்டில் டாக்டர் எழுதிய சிரப் ஒன்றே ஒன்று.

3. பஞ்சு, கட்டுத்துணி, ஒட்டும் பிளாஸ்திரி, சின்னக் கத்தரிக்கோல்.

4. போவிடோன் அயோடின் களிம்பு.

5. டிஜிட்டல் தெர்மாமீட்டர். பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் தொல்லை.

6. வீட்டில் யாருக்காவது தினசரி மருந்து இருந்தால் அது, அதன் சீட்டோடு.

தீக்காயத்துக்கு என்று எதுவும் வாங்க வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுவதுதான் முதலுதவி. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீர்கள்.

என்ன இருக்கக் கூடாது?

மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக். ஐந்து நாளைக்கு எழுதியதை மூன்று நாளில் நிறுத்தி, இரண்டு நாள் மாத்திரையை "அடுத்த தடவைக்கு" என்று சேர்த்து வைப்பது நம் வீடுகளில் சகஜம். அடுத்த தடவை வருவது வைரஸ் காய்ச்சலாக இருந்தால் அது வேலையே செய்யாது. கிருமிதான் மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

தண்ணீர் கலந்த ஆன்டிபயாட்டிக் சிரப். கலந்த பிறகு பெரும்பாலும் 7 நாள்தான், லேபிளில் இருக்கும். திறந்த கண் சொட்டு மருந்தும் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் கூடாது. இரண்டிலும் திறந்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு இருமல்-சளி சிரப். 2025 அக்டோபர் 3-ல் மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து தரவே கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது.

பேப்பரில் மடித்த பெயரில்லாத மூட்டுவலிப் பொடி, கலர் மாத்திரை. சித்த மருந்துக்கும் 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டப்படி லைசென்ஸ் எண்ணும் லேபிளும் வேண்டும். நம் தாம்பரம் சானடோரியத்திலேயே 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே டாக்டரிடம் காட்டி வாங்கலாமே!

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. நம் பக்கம் டெங்கு வரும் பருவம் அது. என்ன காய்ச்சல் என்று தெரியாதபோது ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

கடைசியாக, பாத்ரூம் ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். அதுவும் லேபிளைக் கிழித்த கதைதான். கற்பூரமும் குழந்தைக்கு எட்டக் கூடாது, தின்றால் வலிப்பு வரும்.

வெயிலும் வெள்ளமும்

அட்டையில் "30 டிகிரிக்குள்" என்று இருக்கிறது. மே மாதத்தில் மீனம்பாக்கம் 40 டிகிரி தாண்டுகிற ஊர் நம்முடையது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் மேல் பக்கம் சூடு, சமையல் மேடை சூடும் ஆவியும், பாத்ரூம் ஈரம், ஜன்னல் ஓரம் வெயில். வீட்டின் உள்சுவரில், வெயில் படாத, குழந்தைக்கு எட்டாத அலமாரித் தட்டுதான் சரியான இடம்.

திறக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது. உறைந்துபோனால் பயன்படாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானை வைத்து, அதில் இன்சுலினை நனையாமல் மூடி வைப்பார்கள். ஆவியாதலால் குளிரும், தெர்மோடைனமிக்ஸ் பாடம்தான். உங்கள் வீட்டுக்கு இது போதுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் தண்ணீர். வெள்ளத் தண்ணீர் பட்ட மாத்திரை, சிரப், களிம்பு எதையும் காய வைத்துப் பயன்படுத்தாதீர்கள். அக்டோபர் பிறந்ததும் மருந்துகளையும் சீட்டுகளையும் ஜிப் கவரில் போட்டு உயரமான தட்டில் வையுங்கள். பிரஷர், சுகர், இதய மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் ஒரு வாரத்து மருந்து கூடுதலாக இருக்க வேண்டும். தண்ணீர் வடியும் வரை கடையும் திறக்காது, பஸ்ஸும் வராது.

தாத்தா பாட்டியின் மாத்திரை

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு பிரஷர், சுகர் மாத்திரைகள் பல வீடுகளுக்கு வாசலிலேயே வந்து சேர்ந்தன. நல்ல விஷயம். ஆனால் பல மாத்திரைகள் பார்க்க ஒன்றுபோலவே வட்டமாக, வெள்ளையாக இருக்கின்றன. அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் தமிழில் 'சுகர், காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று டாக்டர் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா வரையுங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் மறையாமல் எழுதுங்கள்.

"ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் ஒழுங்காக மருந்து சாப்பிட முடியும், வீட்டில் முடியாது" என்று சிலர் சொல்வார்கள். அதைப் பொய்யாக்கியதே நம் சென்னைதான். தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோய் சானடோரியம் தொடங்கினார், 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்றில், ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்திலும் மறு பகுதியினரைத் தங்கள் சாதாரண வீடுகளிலும் வைத்து ஒரு வருடம் ஒரே மருந்து கொடுத்தார்கள். 1959-ல் வெளியான முடிவு உலகத்தை ஆச்சரியப்படுத்தியது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகி இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஏழை வீட்டிலும் மருந்து ஒழுங்காக வேலை செய்யும். எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டும். நம் வீட்டில் அந்த ஒருவர் நாமாக இருக்கலாம்.

வேண்டாத மருந்தை என்ன செய்வது?

அப்படியே குப்பையில் போட்டால் குழந்தையோ மாடோ தின்னும். சாக்கடையில் கொட்டினால் கடைசியில் ஏரிக்குப் போகும். 2016 திடக்கழிவு விதிகளிலேயே காலாவதி மருந்து, ஊசி, உடைந்த தெர்மாமீட்டர் ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரிக்கச் சொன்னார்கள். மாத்திரைகளை அட்டையில் இருந்து பிரித்து, ஈர மண்ணோ டீத்தூள் சக்கையோ கலந்து, கவரில் கட்டி, "மருந்துக் கழிவு" என்று எழுதித் துப்புரவுப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடிக் கொடுங்கள், அவர்கள் கையும் கைதானே. இந்த ஒரு இடத்தில் மட்டும் அட்டையைக் கிழித்துத்தான் போட வேண்டும், மறுபடி யாரும் எடுத்து விற்காமல் இருக்க.

அவசரம் என்றால்

குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் வேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள். மிச்சம் உள்ள அட்டை அல்லது பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது "என்ன மருந்து, எத்தனை மி.கி., எத்தனை போயிருக்கும்?" என்பதைத்தான். அட்டை இருந்தால் மூன்றுக்கும் உடனே பதில் கிடைக்கும். அவசரமில்லாத சந்தேகம் என்றால் 104-க்குப் பேசலாம்.

முடிவாக ஒரு ஹோம் ஒர்க்

நண்பர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த டப்பாவை ஒரு நியூஸ் பேப்பரில் கொட்டுங்கள். பெயர் தெரியாதது, தேதி தெரியாதது, தேதி முடிந்தது, நிறம் மாறியது, ஈரம் பட்டது எல்லாம் ஒரு பக்கம். மிச்சத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள்: இயற்பெயர், வீரியம், பேட்ச், காலாவதி, யாருக்கு. ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் பின் கார்டு எழுதுவோமே, அதே மாதிரிதான். சீக்கிரம் காலாவதி ஆவது முன்னால், மற்றது பின்னால். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

அடுத்த வருடம் என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுவதோடு, முகாம் நடக்கும் தெருவில் வீட்டு மருந்து அட்டைகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலையையும் சேர்க்கலாம் என்று யூனியனுக்கு இந்தக் கட்டுரை மூலம் கோரிக்கை வைக்கிறேன். ஆளுக்கு ஒரு மார்க்கர் பேனா இருந்தால் போதும், வேறு செலவில்லை. நாம் மூன்று வருடத்தில் படித்து முடித்து டிப்ளமோவோடு போய்விடுவோம். அதற்கு முன்னால் நம் இங்கிலீஷ் எழுத்து நாலு வீட்டு மருந்துப் பெட்டிக்காவது பயன்படட்டும்.